நீர்கொழும்பு வீதியில் ஒரு குரல்: ருக்மணி தேவி

ருக்மணி தேவியின் பிறப்புப் பெயர் டெய்சி ராசம்மா டேனியல்ஸ். 1923 ஜனவரி 15ஆம் திகதி, நுவரெலியா போகும் வழியில் இருக்கும் இறம்பொடையில் பிறந்தார். குடும்பம் கொழும்புச் செட்டிக் குடும்பம், மதம் கிறிஸ்தவம். சிங்கள சினிமாவின் முதல் கதாநாயகி என்றும், இலங்கையின் குயில் என்றும் அழைக்கப்படுகிற இந்தப் பெண், சிங்களப் படத்தில் தானே நடித்துத் தானே பாடி, முப்பது வருடங்களுக்கு மேல் அந்தத் தொழிலில் நின்றவர். சிங்கள வீடுகளில் அவரைத் தெரியாத ஆள் இல்லை. தமிழ் வீடுகளில் “ராசம்மா” என்ற பெயரைச் சொன்னால் யாரென்று கேட்பார்கள். அந்த இடைவெளி மனவருத்தம் தரக்கூடியது. அவர் கதையை முறையாகச் சொல்வதற்கு அதுவே போதுமான காரணம்.

கொழும்புச் செட்டிகள் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். தென்னிந்தியாவிலிருந்து வணிகத்துக்கு வந்து கொழும்பில் தங்கியவர்களின் வழி வந்தவர்கள் இவர்கள். கொட்டாஞ்சேனை, செட்டியார் தெரு, அதைச் சுற்றிய பகுதிகள் அவர்களுடைய பழைய இருப்பிடங்கள். “தமிழ் புளூட்டாக்” எழுதிய சைமன் காசிச்செட்டி இந்தச் சமூகத்தவர்தான். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் பெரும்பாலும் கிறிஸ்தவர்களானார்கள். வீட்டில் தமிழும், பள்ளியில் ஆங்கிலமும், தெருவில் சிங்களமும் பேசி, காலப்போக்கில் தமிழை மெல்ல மெல்ல விட்டவர்கள் அவர்களில் பலர். இன்று குடிசன மதிப்பீட்டில் தனி இனமாகப் பதியப்படுகிறார்கள். ராசம்மா என்ற பெயரும் டெய்சி என்ற பெயரும் ஒரே பிள்ளைக்கு வைக்கப்பட்டதில் அந்தச் சமூகத்தின் முழு வரலாறும் இருக்கிறது. பின்னாளில் அதே பிள்ளை ருக்மணி தேவி என்ற இந்துப் பெயரை மேடைக்கு எடுத்து, பௌத்த பக்திப் பாட்டால் நாடறிந்தவரானார்.

குடும்பம் மலையை விட்டுக் கொழும்புக்கு வந்தது. டெய்சி படித்த பள்ளிகளில் ஒன்று வெள்ளவத்தை புனித கிளேயர் பாடசாலை. நத்தார் நாடகங்களில் சின்ன வயதிலேயே மேடையேறினார். பதின்வயது தொடங்கியபோது ராமாயண நாடகம் ஒன்றில் சீதையாக நடித்தார். பாட வராதவருக்கு அந்த நாளைய நாடகத்தில் இடமில்லை. கொழும்பு மருதானையில் 1911இல் திறக்கப்பட்ட டவர் ஹோல் மேடை வளர்த்த “நூர்த்தி” மரபில், வசனத்தைவிடப் பாட்டுக்குத்தான் சனம் வரும். அந்த நூர்த்தி மெட்டுகளின் பூர்வீகம் பார்சி நாடகக் கம்பனிகளும் வட இந்திய இசையும். தமிழ் நாடகமும் அதே கடலைக் கடந்து அதே ஊருக்கு வந்து போனது. கே.பி. சுந்தராம்பாளும் எஸ்.ஜி. கிட்டப்பாவும் 1920களின் நடுவில் முதன்முதல் சேர்ந்து நடித்தது கொழும்பில்தான். ஆகவே டெய்சி வளர்ந்த கொழும்பு, இரண்டு மொழியிலும் பாட்டுக்காரி ஒருத்தி நாடகத்துக்கு ராணியாக இருந்த கொழும்பு.

குரல் முதலில் பதிவானது இசைத்தட்டில். 1930களின் கடைசியில், எச்.டபிள்யூ. ரூபசிங்கவோடு சேர்ந்து புத்தகயா விகாரையைப் புகழும் “சிரி புத்தகயா விகாரே” என்ற பாட்டை எச்.எம்.வி. நிறுவனத்துக்குப் பாடினார். அந்த நாளைய தட்டு எப்படிப்பட்டதென்று இன்றைய வாசகருக்குச் சொல்ல வேண்டும். அரக்குப் பிசினால் செய்த பத்து அங்குலத் தட்டு, நிமிடத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம் சொச்சம்தான் பிடிக்கும். கை தவறி விழுந்தால் ஓடு மாதிரி உடையும். உருக்கு ஊசி ஒரு பக்கம் பாடி முடிப்பதற்குள் தேய்ந்துவிடும். ஒழுங்காகக் கேட்கிறவர் பக்கத்துக்கு ஒரு ஊசி மாற்றுவார். பாடகருக்கு அங்கே திருத்தம் செய்ய வழியில்லை. மெழுகுத் தட்டில் ஊசி ஓடத் தொடங்கினால் பாட்டு, மிருதங்கமோ தபேலாவோ, ஆர்மோனியம், வயலின் எல்லாம் ஒரே மூச்சில் போய்ச் சேர வேண்டும். ஒருவர் பிசகினால் தட்டே வீண். பதினைந்து பதினாறு வயதுப் பெண் அந்தச் சூட்டில் நின்று பாடியிருக்கிறார்.

அந்த மூன்று நிமிடக் கட்டுப்பாடு அவர் பாணியையே செய்தது என்று தோன்றுகிறது. நீட்டி ஆலாபனை செய்ய இடமில்லை. முதல் வரியிலேயே கேட்பவரைப் பிடித்து நிறுத்த வேண்டும். ருக்மணி தேவியின் பாட்டில் முதல் சொல் விழும்போதே அந்தப் பிடி இருக்கும். உயரமான குரல், ஆனால் கீச்சு இல்லை. நீளமான ஸ்வரத்தின் நுனியில் இலேசான ஒரு நடுக்கம். சோகப் பாட்டில் அது அழுகைக்குச் சற்று முன்னால் வந்து நிற்கும், அழுதுவிடாது. தமிழ்க் காதுக்கு அந்தக் குரல் அந்நியமாகவே படாது. நாற்பதுகளின் தமிழ்ப் படப் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர் அதைப் பக்கத்து வீட்டுக் குரலாகத்தான் கேட்பார்.

அடுத்த கட்டம் மினர்வா. நீர்கொழும்பைச் சேர்ந்த பி.ஏ.டபிள்யூ. ஜயமான்னவும் அவர் தம்பி எடி ஜயமான்னவும் நடத்திய மினர்வா நாடகக் குழுவில் ருக்மணி சேர்ந்தார். பழைய ராஜா ராணிக் கதைகளை விட்டு, அன்றைய குடும்பங்களின் கதையை மேடைக்குக் கொண்டுவந்தவர்கள் இவர்கள். பணக்கார வீடு, ஏழை வீடு, ஏமாற்றுக்காரன், கைவிடப்பட்ட பெண், நடுவில் ஒரு வேலைக்காரனின் பகிடி. அண்ணன் எழுதினார், நடத்தினார். தம்பிக்குப் பகிடி கைவந்தது. ருக்மணிக்குக் கண்ணீரும் பாட்டும். குழு தீவின் பல ஊர்களுக்கும் போய் ஆடியது. ஒலிபெருக்கியை நம்ப முடியாத மண்டபங்களில் கடைசி வாங்கில் இருப்பவனுக்கும் பாட்டின் சொல் விளங்க வேண்டும். சொல்லை விழுங்காமல் பாடும் அவருடைய பழக்கத்துக்கு இந்த மேடை வருடங்களே பள்ளிக்கூடம்.

எடி ஜயமான்னவை ருக்மணி திருமணம் செய்தார். பெண் வீட்டார் அதை விரும்பவில்லை. அவர் கத்தோலிக்க நீர்கொழும்புக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார். சாகும்வரை அதுதான் அவர் ஊர். திரையில் இந்தத் தம்பதி ஜோடியாக வந்ததைவிட, அவர் கதாநாயகியாகவும் இவர் சிரிப்புக்காரராகவும் தனித்தனியே வந்ததுதான் அதிகம். மக்கள் இருவரையும் வேறு வேறு காரணத்துக்காக விரும்பினார்கள்.

சினிமாவுக்கு வழி திறந்தவர் எஸ்.எம். நாயகம் என்ற தமிழர். மதுரையில் சித்ரகலா மூவிடோன் என்ற ஸ்டூடியோவை நிறுவியவர். சிங்களத்தில் பேசும் படம் எடுக்க வேண்டும் என்று கொழும்பில் கதை தேடியபோது, மினர்வா குழுவின் “கடவுனு பொரொந்துவ” நாடகம் அவர் கண்ணில் பட்டது. மீறப்பட்ட வாக்குறுதி என்பது தலைப்பின் பொருள். நாடகக்காரர்கள் அப்படியே கப்பலும் ரயிலும் ஏறி மதுரைக்குப் போனார்கள். இயக்கியவர் ஜோதிஷ் சிங் என்ற வங்காளி. கமராவுக்குப் பின்னால் நின்ற பெரும்பாலானவர்களுக்குச் சிங்களம் தெரியாது. முன்னால் நின்றவர்களுக்குச் சினிமா தெரியாது. சிங்களத்தின் முதல் பேசும் படம், மதுரை வெயிலில், தமிழர் காசில், வங்காளி சொல்லச் சொல்ல, கொழும்புச் செட்டிப் பெண் ஒருத்தி கதாநாயகியாக நடித்து உருவானது.

அதே நேரத்தில் இன்னொரு சிங்களப் படமும் தயாராகிக்கொண்டிருந்தது. “அசோகமாலா” கோயம்புத்தூரில் எடுக்கப்பட்டது. சிலோன் தியேட்டர்ஸ் நிறுவனத்தின் சிற்றம்பலம் கார்டினர் அதற்குப் பின்னால் இருந்தார். எது முதலில் திரைக்கு வரும் என்று போட்டி. நாயகம் முந்திக்கொண்டார். 1947 ஜனவரி 21ஆம் திகதி கொழும்பு மைலன் தியேட்டரில் “கடவுனு பொரொந்துவ” திரையிடப்பட்டது. ருக்மணிக்கு 24 வயது நிறைந்து ஆறு நாள். அதுவரை தமிழும் ஹிந்தியும் ஆங்கிலமும் மட்டுமே கேட்ட திரையில் சிங்களம் பேசியதைப் பார்க்க சனம் திரண்டது. சிங்கள சினிமாவின் பிறந்த நாளாக இன்றும் கொண்டாடப்படுவது அந்த ஜனவரி 21தான். ஒரு வருடம் கழித்து 1948 பெப்ரவரி 4இல் நாடு சுதந்திரமடைந்தது. சுதந்திர இலங்கைக்குத் தன்னுடைய முகமென்று ஒரு நடிகை ஏற்கனவே தயாராக இருந்தார்.

ஒரு கேள்வி இங்கே இயல்பாக எழும். தமிழ்ப் பெண்ணுக்குத் தமிழ்ப் படம் ஏன் கிடைக்கவில்லை? இலங்கையில் அப்போது தமிழ்ப் படமே எடுக்கப்படவில்லை. இலங்கையின் முதல் தமிழ்ப் படமான “சமுதாயம்” 16 மில்லிமீட்டரில் 1962இல்தான் வந்தது. 35 மில்லிமீட்டரில் “தோட்டக்காரி” 1963இல். மதராஸிலிருந்து பெட்டி பெட்டியாகப் படம் வந்து கொட்டும்போது இங்கே யார் காசு போடுவார்? ஆகவே 1947இல் குரலும் முகமும் உள்ள ஒரு கொழும்புப் பெண்ணுக்கு இருந்த ஒரே உள்ளூர்த் திரை சிங்களத் திரை. அவர் தமிழை உதறிவிட்டுப் போனவர் அல்ல. கதவு திறந்திருந்த பக்கம் போனவர்.

முதல் படம் வென்றதும் மினர்வா நாடகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படமாயின. “கபடி ஆரக்ஷகயா” 1948இல், “ஹதிசி வினிஸ்சய” 1950இல், “செங்கவுனு பிலிதுர” 1951இல், “உமத்து விஸ்வாசய” 1952இல். ஒவ்வொன்றுக்கும் குழு தென்னிந்தியாவுக்குப் போக வேண்டும். வாரக்கணக்கில் தங்கி, செட்டுக்குள் முற்றமும் செட்டுக்குள் தென்னந்தோப்பும் போட்டு, படத்தை முடித்துக்கொண்டு திரும்புவார்கள். கதாநாயகி பாட்டை முதலில் ஒலிப்பதிவு செய்துவிடுவார். பிறகு படப்பிடிப்பில் அந்தப் பாட்டை ஒலிபெருக்கியில் போட்டு, தன் குரலுக்கே தன் உதட்டை ஒட்டி நடிக்க வேண்டும். மூச்சு எடுக்கும் இடம்கூடத் திரையில் தெரியும். வேறொருவர் குரலுக்கு உதடு அசைப்பதைவிட இது எளிதென்று தோன்றும். ஆனால் முகம் பொய்யாக நின்றால் உடனே காட்டிக்கொடுப்பதும் இதுதான். கண்ணும் கழுத்தும் பாடுவதுபோல இருந்தால்தான் குரல் முகத்தில் பொருந்தும். ருக்மணி தேவியின் பாட்டுக் காட்சிகளில் மற்றவர்களிடம் இல்லாத ஒரு நம்பகம் இருப்பதற்குக் காரணம், அவர் உண்மையிலேயே பாடத் தெரிந்தவரின் உடம்போடு நின்றதுதான்.

1953இல் டபிள்யூ.ஏ. சில்வாவின் நாவலைத் தழுவிய “கெலே ஹந்த” வந்தது. காட்டு நிலா என்று பொருள். அந்த எழுத்தாளரைச் சிங்கள வாசகர்கள் வீட்டுக்கு வீடு படித்தார்கள். ருக்மணியின் பேர் இன்னும் ஊன்றியது.

இதே காலத்தில் சினிமாத் தொழில் தென்னிந்தியாவிலிருந்து இறங்கி, கொழும்பிலிருந்து நீர்கொழும்புக்குப் போகும் வீதியோரத்தில் குடியேறியது. களனி ஆற்றுப் பாலம் தாண்டினால் பேலியகொடை, வத்தளை, மாபோலை, கந்தானை, ஜா-எல, கட்டுநாயக்க, பிறகு நீர்கொழும்பு. எஸ்.எம். நாயகம் கந்தானையில் ஸ்ரீ முருகன் நவகலா என்ற பெயரில் ஸ்டூடியோ கட்டினார். இலங்கை மண்ணிலேயே எடுத்து முடித்த முதல் சிங்களப் படமான “பண்டா நகரயட்ட பெமினீம” 1952இல் அங்கே உருவானது. பிறகு கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ ஹெந்தளையில் எழுந்தது. வத்தளையிலிருந்து கடல் பக்கம் திரும்பி, ஹமில்டன் வாய்க்காலைத் தாண்டினால் ஹெந்தளை. அதுவரை வெளியூரார் அந்த ஊரை அறிந்தது ஒல்லாந்தர் 1708இல் கட்டிய தொழுநோய் மருத்துவமனையால். ஸ்டூடியோ வந்தபிறகு அது படக்காரர் ஊராகவும் ஆனது. களனிப் பக்கம் தலுகமவில் சரசவி ஸ்டூடியோ.

முருகன் பெயரில் ஸ்டூடியோ, விஜயா என்று ஸ்டூடியோ, சினிமாஸ் லிமிட்டெட், சிலோன் தியேட்டர்ஸ்: முதலாளிகள் பலரும் தமிழர். இசையமைப்பாளர்களில் ஆர். முத்துசாமி நாகர்கோவிலிலிருந்து வந்து இங்கேயே தங்கி, சிங்கள மெல்லிசையின் பெரிய பெயர்களில் ஒன்றானார். எம். றொக்சாமி அடுத்தவர். இயக்கத்தில் டி. சோமசேகரன், ஏ.எஸ். நாகராஜன், லெனின் மொராயஸ், கே. வெங்கட். ருக்மணியோடு ஜோடியாகப் பாடிய மொஹிதீன் பேக், இந்தியாவிலிருந்து வந்து பௌத்த பக்திப் பாட்டுகளால் சிங்கள மனத்தில் அமர்ந்த முஸ்லிம். இது யாரும் வலிந்து ஏற்படுத்திய நல்லிணக்கம் அல்ல. தொழில் தெரிந்தவர்கள் தொழில் நடந்த இடத்தில் கூடினார்கள். ருக்மணி தேவி நீர்கொழும்பு வீட்டிலிருந்து புறப்பட்டு, இந்த வீதியில் இறங்கி வந்து வேலை செய்துவிட்டு, இந்த வீதியிலேயே திரும்பிப் போனார்.

குணரத்தினத்தின் “சுஜாதா” 1953இல் பெரு வெற்றி பெற்றது. அதன் நாயகி புளோரிடா ஜயலத். ருக்மணிக்கு அது முதல் சவால். புதிய முகங்கள் வந்தன. அதைவிட ஆழமான மாற்றம் பின்னணிப் பாட்டால் வந்தது. லதா வல்பொல, தர்மதாச வல்பொல போன்றவர்கள் திரைக்குப் பின்னால் நின்று பாட, திரையில் பாடத் தெரியாத அழகிகள் உதடசைக்கலாம் என்றானது. தமிழிலும் ஹிந்தியிலும் நடந்தது அதேதான். கே.பி. சுந்தராம்பாள், 1945இல் “மீரா”வில் நடித்த எம்.எஸ். சுப்புலட்சுமி, பம்பாயில் சுரையா, நூர்ஜஹான் என்று நடிப்பும் பாட்டும் ஒரே உடம்பில் இருந்த தலைமுறை மெல்லப் பின்வாங்கியது. நூர்ஜஹான் கடைசியில் நடிப்பை விட்டுப் பாட்டை வைத்துக்கொண்டார். பானுமதி மட்டும் இரண்டையும் விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டார். பிரான்சில் எடித் பியாஃப், ழான் மொரோ போன்றவர்கள் மேடையிலும் திரையிலும் மாறிமாறி நிற்க முடிந்ததற்கு, அங்கே பாட்டு படத்துக்குள் அடைபடாமல் தனி உலகமாக இருந்ததும் ஒரு காரணம். நம் பக்கத்தில் பாட்டு படத்துக்குள் சிக்கிக்கொண்டது. படம் புதிய முகம் கேட்டால் பழைய குரலும் வெளியே போக வேண்டும்.

1956 இன்னொரு விதத்தில் திருப்பமான வருடம். ஜூனில் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியது. டிசம்பர் 28இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் “ரேகாவ” திரைக்கு வந்தது. ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்து, உண்மையான கிராமத்தில், உண்மையான வெயிலில் எடுத்த படம். அதற்குப் பிறகு, மதராஸ் பாணிப் படங்கள் சிங்கள வாழ்க்கையைக் காட்டவில்லை, இரவல் மெட்டும் இரவல் கண்ணீருமே அவற்றில் உண்டு என்ற விமர்சனம் வலுத்தது. பாட்டிலும் இதே பேச்சு முன்பே தொடங்கியிருந்தது. 1952இல் இலங்கை வானொலி வட இந்தியாவிலிருந்து ரத்தன்ஜன்கரை அழைத்துப் பாடகர்களைத் தரப்படுத்தச் செய்தபோது, ஜா-எலயைச் சேர்ந்த சுனில் சாந்த அந்தச் சோதனைக்கு இருக்க மறுத்தார். சிங்கள இசைக்கு வட இந்திய அளவுகோல் எதற்கு என்பது அவர் வாதம்.

இந்த விமர்சனத்தில் நியாயம் நிறைய உண்டு. ஹிந்தி மெட்டை எடுத்துச் சிங்களச் சொல்லை ஒட்டிய பாட்டுகள் ஏராளம். செட்டுக்குள் போட்ட அட்டைத் தென்னைமரத்தைப் பார்த்து எவ்வளவு காலத்துக்குக் கண்ணீர் விடுவது? “ரேகாவ” வராமல் இருந்திருந்தால் சிங்கள சினிமா வளர்ந்திருக்காது. ஆனால் அந்த நாட்களில் “தென்னிந்தியப் பாணி” என்ற சொல் கலையைப் பற்றிய சொல்லாக மட்டும் நிற்கவில்லை. அது மெல்ல ஆட்களையும் சுட்டும் சொல்லானது. அந்த வேறுபாடு முக்கியம். ஏனென்றால் லெஸ்டரின் அடுத்த படமான “சந்தேசய”வை 1960இல் தயாரித்தவர் இதே குணரத்தினம்தான். பழைய மசாலாப் படத்துக்கும் புதிய சினிமாவுக்கும் ஒரே கை காசு கொடுத்தது.

ருக்மணி தேவி மீது இந்த அலை நேராக மோதவில்லை. யாரும் அவரை வெறுக்கவில்லை. ஆனால் பழைய சினிமாவின் அடையாளம் அவர்தான் என்பதால், பழையது ஒதுங்கியபோது அவரும் சேர்ந்து ஒதுங்கினார். 1960களில் நாயகி வேடம் அக்கா வேடமாகி, அம்மா வேடமாகிக் குறைந்தது. முதல் பேசும் படத்தின் நாயகி, அந்தத் துறைக்கு வயது இருபது ஆவதற்குள் பழைய ஆளாகிவிட்டார். இளம் துறைகளில் இது நடக்கும்: தொடங்கி வைத்தவரோடு துறையும் வளராமல், அவரைத் தாண்டிக்கொண்டு ஓடிவிடும்.

பாட்டு அவரைத் தாங்கியது. நாடெங்கும் இசை நிகழ்ச்சிகள் பெருகிய காலம் அது. மைதானத்தில் மேடை போட்டு, எலெக்ட்ரிக் கிட்டார், டிரம் செட், பெரிய பெரிய ஒலிபெருக்கிகள், ஊர் முழுக்க வேலியோரம் நிற்கும் கூட்டம். அந்த மேடைகளில் கிளாரன்ஸ் விஜேவர்தன போன்ற இளைஞர்கள் புதுச் சிங்களப் பொப் இசையைக் கொண்டுவந்திருந்தார்கள். தன் வயதில் பாதி உள்ளவர்களோடு சேர்ந்து ருக்மணி பாடினார். கிளாரன்ஸின் மெட்டில் அவர் பாடிய “மல்பர ஹிமிதிரியே” அந்தப் பிற்காலத்துக் கொடை. இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஆர்மோனியத்துக்கும் 78 சுற்றுத் தட்டுக்கும் பழகிய தொண்டை, கிட்டாருக்கு முன்னால் வந்து நிற்கிறது. பழைய பாடகர்கள் பலர் இந்த இடத்தில் கௌரவம் பார்த்து ஒதுங்கிவிடுவார்கள். அவர் ஒதுங்கவில்லை. குரலில் பழைய நடுக்கம் அப்படியே இருக்க, தாளம் புதிதாக இருக்கிறது. முதல் தட்டுக்கும் இதற்கும் நடுவில் முப்பது வருடத்துக்கு மேல்; கேட்பவர்களில் ஒரு புதிய தலைமுறைக்கு அவர் தங்கள் பாடகியாகவே ஆனார்.

திரையும் கடைசியில் ஒருமுறை அவரை மரியாதையோடு அழைத்தது. 1978இல் வந்த “அஹசின் பொலவட்ட” படத்தில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அவருக்கு ஒரு வேடம் கொடுத்தார். வானத்திலிருந்து பூமிக்கு என்பது தலைப்பின் பொருள். அட்டைச் செட்டுக் காலத்தின் நாயகி, அந்தச் செட்டை உடைத்த இயக்குநரின் கமராவுக்கு முன்னால் வந்தார். இரண்டு சினிமாவும் ஒரே சட்டகத்தில் சந்தித்த இடம் அது. வேடம் பெரிதா சிறிதா என்பது பொருட்டே இல்லை.

1978 ஒக்டோபர். மாத்தறை உயன்வத்த மைதானத்தில் இசை நிகழ்ச்சி. தெற்கே கடலோரம் மாத்தறையிலிருந்து வடக்கே நீர்கொழும்புக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர். நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்குத் திரும்புவதென்றால், காலி வீதி முழுவதையும் கடந்து, கொழும்பையும் தாண்டி, பிறகு நீர்கொழும்பு வீதியில் ஏற வேண்டும். இசைக் கலைஞர்கள் அப்போதும் இப்போதும் இப்படித்தான் பயணம் செய்கிறார்கள். பாடிய களைப்போடு, தூக்கமில்லாமல். ஒக்டோபர் 28ஆம் திகதி, வத்தளையும் கந்தானையும் கடந்துவிட்ட பிறகு, ஜா-எலவுக்கு அருகே துடெல்லவில் கார் விபத்துக்குள்ளானது. வீடு இன்னும் 20 கிலோமீட்டர் தூரம்தான். ருக்மணி தேவிக்கு வயது 55.

ஒரு கால் நூற்றாண்டாக அவர் வேலைக்கு வந்து போன வீதி அது. இறுதிச் சடங்குக்கு நீர்கொழும்பில் பெருங்கூட்டம் கூடியது. அந்த ஊரில் அவருக்குச் சிலை இருக்கிறது.

ஐந்து வருடம் கழித்து, 1983 ஜூலையில், ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. அங்கே வைத்திருந்த படச்சுருள்கள் கருகின. அதே நாட்களில் இயக்குநர் கே. வெங்கட் கொல்லப்பட்டார். குணரத்தினம் 1989இல் சுட்டுக் கொல்லப்பட்டார். எரிந்தவற்றில் பெரும்பாலானவை சிங்களப் படங்கள். தமிழர் சொத்தென்று தீ வைத்தவர்கள், தங்கள் மொழியின் பாட்டும் முகமும் அந்தப் பெட்டிகளுக்குள் இருக்கின்றன என்று யோசிக்கவில்லை. ஒரு படத்தின் மூல நெகட்டிவ் போனால் பிறகு மிஞ்சுவது தியேட்டர் தியேட்டராகச் சுற்றிக் கீறல் விழுந்த பிரதிகள்தான். அவை தேய்ந்த பிறகு எடுக்க ஒன்றும் இல்லை.

தீயை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. 1950களின் தொடக்கம்வரை படச்சுருள் நைத்திரேற்று என்ற, தானாகவே பற்றக்கூடிய பொருளில் செய்யப்பட்டது. அதற்குப் பிறகு வந்த அசற்றேற்றுச் சுருள், ஈரமும் வெப்பமும் உள்ள எங்கள் கடலோரக் காற்றில் கிடந்தால் மெல்ல அமிலம் விட்டுச் சுருங்கும். தகர டப்பாவைத் திறந்தால் வினாகிரி மணக்கும். குளிரூட்டிய அறையில் வைத்தால் காப்பாற்றலாம். அப்படிக் காக்க முறையான தேசியத் திரைப்படக் காப்பகம் ஒன்று இல்லாமலே இலங்கையில் பல பத்தாண்டுகள் கழிந்தன. ருக்மணி தேவி நாயகியாக நின்ற முதல் பத்து வருடத்துப் படங்களை இன்று ஒருவர் ஒழுங்காக உட்கார்ந்து பார்ப்பது அதனால்தான் கடினம்.

தட்டுகள் பிழைத்தன. அரக்குத் தட்டு உடையுமே தவிர, அலுமாரிக்குள் பேசாமல் கிடந்தால் நூறு வருடத்துக்கும் கிடக்கும். கொழும்பிலும் நீர்கொழும்பிலும் வீட்டுக்குள் காகித உறைகளில் கிடந்தவற்றைச் சேகரிப்பாளர்கள் எடுத்துத் துடைத்து, ஒலிப்பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். வானொலி அவற்றை இன்னும் போடுகிறது. இளைய பாடகிகள் போட்டி மேடைகளில் அவர் பாட்டுகளைத் தெரிந்தெடுக்கிறார்கள். இரைச்சலுக்கு நடுவே அந்த முதல் வரி எழுந்து வரும்போது, புத்தகயாவைப் பாடுகிற குரல் இறம்பொடையில் பிறந்து வெள்ளவத்தையில் படித்த ராசம்மாவின் குரல்.